இருபது ரூபாய் டேப்பும் ரத்த ரிப்போர்ட்டில் மூணு வரியும்



நவரை நடவு முடிஞ்சிருச்சு. முதல் களை எடுக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. அந்த இடைவெளியில, ரொம்ப நாளா மனசுல கிடக்கிற ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். வழக்கமா இங்க நெல்லு, ஏரி, மாடு, மழை பத்தித்தான் எழுதுவேன். இன்னிக்கு உங்க வயித்தைப் பத்தி. கோவிச்சுக்காதீங்க.

மதுராந்தகம் பக்கம் எங்க ஏரிப் பாசனத்துல விளையிற அரிசியை மாசத்துக்கு ரெண்டு தடவை தாம்பரம் பக்கம் கொண்டு வந்து வீடு வீடா போடறேன்னு உங்களுக்குத் தெரியும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், இந்தப் பக்கம் பெருங்களத்தூர். மூட்டையை இறக்கி வெச்சுட்டு நாலு வார்த்தை பேசாம நான் கிளம்பினதில்லை. முன்னெல்லாம் பேச்சு மழையில தொடங்கும். இப்ப சுகர்ல தொடங்குது. "அண்ணே, இந்த அரிசி சாப்பிட்டா சுகர் ஏறாதுல்ல?" இதுதான் முதல் கேள்வி. கேட்கிறவங்களுக்கு வயசு முப்பத்தஞ்சு, நாப்பது.

அதே தெருமுனையில பெரிய பேனர் தொங்குது. முழு உடல் பரிசோதனை, எழுபது டெஸ்ட், எண்பது டெஸ்ட், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம், பாதி விலை. ஆயிரம், ரெண்டாயிரம் கட்டி எடுத்துட்டு, பதினஞ்சு பக்க ரிப்போர்ட்டை வாங்கி, சிவப்பு எழுத்துல ஏதாவது இருக்கான்னு பார்த்துட்டு பீரோவுக்குள்ள வெச்சிடறாங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். சர்க்கரை நோயும் இதய நோயும் உங்களுக்கு வர வாய்ப்பு அதிகமான்னு தெரிஞ்சுக்க எழுபது டெஸ்ட் வேண்டாம். ஒரு தையல்காரர் டேப், ஒரு பிரஷர் கருவி, வெறும் வயித்துல எடுத்த ரத்தத்துல மூணு எண் போதும். இதுல மத்ததை எல்லாம் எப்படியோ அளந்துடறோம். டேப்பைத்தான் யாரும் எடுக்கறதில்லை.

மாட்டுக்கு டேப், நெல்லுக்கு அட்டை

"விவசாயிக்கு எதுக்கு இந்த டாக்டர் வேலை"ன்னு கேட்கலாம். நாங்க தினமும் செய்யற வேலையே இதுதான்.

பசு மாட்டைத் தூக்கி எடை போட முடியாது. பூச்சி மருந்து கொடுக்க எடை தெரியணும். என்ன செய்வோம்? முன்னங்காலுக்குப் பின்னாடி மார்புச் சுற்றளவை அங்குலத்துல எடுப்போம். தோள் முனையிலிருந்து பின் எலும்பு வரைக்கும் நீளம் எடுப்போம். சுற்றளவை அதாலேயே பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 660-ஆல் வகுத்தா கிலோ கணக்குல எடை வந்துடும். சுற்றளவு 60, நீளம் 55 அங்குலம்னா 300 கிலோ. தராசு இல்லாமலே, சுமாரா சரியான கணக்கு.

நெல்லுக்கு இலை வண்ண அட்டை இருக்கு. பச்சை நிறத்துல வரிசையா கட்டம் போட்ட சின்ன பிளாஸ்டிக் அட்டை. இலையை அதுமேல வெச்சுப் பார்த்து, எந்தப் பச்சைக்குப் பொருந்துதோ அதை வெச்சு யூரியா போடணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவோம். இதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. பெரும்பாலான ரகங்களுக்கு எல்லை 4. வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் 3. அட்டை ஒண்ணுதான், ரகத்துக்கு ரகம் எல்லை வேற. பொன்னிக்கும் 4-ன்னு வெச்சு யூரியாவைக் கொட்டினா பயிர் சாஞ்சிடும்.

இந்த ரகக் கணக்கை மனசுல வெச்சுக்கங்க. கீழே தேவைப்படும்.

அஞ்சு எண்

1988-ல் ஜெரால்டு ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு சொற்பொழிவுல ஒரு விஷயத்தைச் சொன்னார். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை ஏற்றம், ரத்தத்துல கெட்ட கொழுப்பு, இதெல்லாம் தனித்தனியா வர்ற நோய்கள் இல்லை. ஒரே ஆள்கிட்ட கூட்டமா வருது. இதுக்கெல்லாம் அடியில இன்சுலின் சொல்பேச்சு உடம்புல எடுபடாம போறதுதான் காரணம்னார். அதுக்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்'னு பேர் வெச்சார். அதுதான் பின்னாடி மெட்டபாலிக் சிண்ட்ரோம் ஆச்சு. தமிழ்ல வளர்சிதை மாற்றக் கோளாறுகளின் கூட்டுன்னு வெச்சுக்கலாம்.

2009-ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, அமெரிக்க இதய சங்கம் உள்ளிட்ட சில அமைப்புகள் சேர்ந்து ஒரு பொதுவான அளவுகோல் கொடுத்தாங்க. அஞ்சுல மூணு இருந்தா இந்தக் கோளாறு இருக்குன்னு அர்த்தம்.

1. வயிற்றுச் சுற்றளவு: நம்ம தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ. (சுமார் 35½ அங்குலம்), பெண்களுக்கு 80 செ.மீ. (சுமார் 31½ அங்குலம்) அல்லது அதுக்கு மேல்.
2. ரத்த அழுத்தம்: மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85, அதுக்கு மேல்.
3. வெறும் வயிற்றுச் சர்க்கரை: 100 மி.கி. அல்லது அதுக்கு மேல்.
4. டிரைகிளிசரைடு: 150 மி.கி. அல்லது அதுக்கு மேல்.
5. எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு: ஆண்களுக்கு 40-க்குக் கீழ், பெண்களுக்கு 50-க்குக் கீழ்.

பிரஷருக்கோ சர்க்கரைக்கோ ஏற்கனவே மாத்திரை சாப்பிடறவங்க, அளவு நார்மலா இருந்தாலும் அதை ஒண்ணா எண்ணிக்கணும்.

அஞ்சுல மூணு இருக்கிறவங்களுக்கு, இல்லாதவங்களை விட சர்க்கரை நோய் வர வாய்ப்பு சுமார் அஞ்சு மடங்கு, அடுத்த அஞ்சு பத்து வருஷத்துல இதய, ரத்தக்குழாய் நோய் வர வாய்ப்பு சுமார் ரெண்டு மடங்குன்னு அதே அறிக்கை சொல்லுது.

முதல் வரியைத் திரும்பப் பாருங்க. 2001-ல் அமெரிக்காவில் வந்த அளவுகோலில் ஆணுக்கு 102 செ.மீ., பெண்ணுக்கு 88 செ.மீ. அதாவது 40 அங்குலம், 35 அங்குலம். வெள்ளைக்காரனுக்குச் சரி. நம்ம ஆளுக்கு 40 அங்குலம் வர்ற வரைக்கும் காத்திருந்தா, நோய் முன்னாடியே வந்து திண்ணையில உட்கார்ந்துடும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மத்ததுக்கு 4-ன்னு சொன்னேனே, அதே கதைதான். நம்ம ரகம் வேற.

தராசு சொல்லாத சங்கதி

நம்ம ரகம் எப்படி வேறன்னு காட்ட ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 2004-ல் லான்செட் மருத்துவ இதழ்ல ரெண்டு விஞ்ஞானிகள் தங்களோட போட்டோவைப் பக்கத்துல பக்கத்துல போட்டாங்க. ஒருத்தர் புனேவைச் சேர்ந்த யாஜ்னிக். இன்னொருத்தர் லண்டனைச் சேர்ந்த யட்கின். உயரத்துக்கும் எடைக்குமான கணக்கு, அதாவது பி.எம்.ஐ., ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி 22.3. சுத்தமான நார்மல். ஆனா உடம்புக்குள்ள இருக்கிற கொழுப்பை அளந்தா யட்கினுக்கு 9.1 சதவீதம், நம்ம யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசுல ரெண்டு பேரும் ஒண்ணு. உள்ளுக்குள்ள ரெண்டு மடங்குக்கு மேல வித்தியாசம்.

கை கால் மெலிசு, வயிறு மட்டும் முன்னாடி. நம்ம ஊர்ல இதைத் 'தொப்பை'ன்னு சிரிச்சுட்டு விட்டுடறோம். தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்பு அவ்வளவா தொந்தரவு பண்ணாது. குடலைச் சுத்தியும் கல்லீரலுக்குள்ளேயும் சேர்ற கொழுப்புதான் வில்லங்கம். அது சும்மா கிடக்காம கொழுப்பு அமிலங்களைக் கல்லீரலுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். கல்லீரல் டிரைகிளிசரைடை அதிகமா வெளியே தள்ளும், எச்.டி.எல். குறையும், இன்சுலின் சொல்றதை உடம்பு கேட்காது, சர்க்கரை மெல்ல ஏறும். மேலே சொன்ன அஞ்சு எண்ணும் ஒரே மடையிலிருந்து பிரியற அஞ்சு வாய்க்கால் மாதிரி.

அதனாலதான் எடை மெஷினை விட டேப் முக்கியம்ங்கிறேன். அளக்கிற விதத்தையும் சொல்லிடறேன். பேன்ட் சைஸ் வயித்துச் சுற்றளவு ஆகாது. நம்ம ஆளுங்க தொப்பைக்குக் கீழே பேன்ட் போட்டுக்கிட்டு "எனக்கு எப்பவும் 34 தான்"னு பெருமையா சொல்வாங்க. நேரா நில்லுங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவுல, சட்டையைத் தூக்கிட்டு, டேப் தரைக்கு இணையா இருக்கிற மாதிரி சுத்துங்க. மூச்சை இயல்பா வெளியே விட்டுட்டு எண்ணைப் படிங்க. வயித்தை உள்ளே இழுக்கக் கூடாது. அது உங்களையே நீங்க ஏமாத்திக்கிறது.

எண் ஞாபகம் இல்லைன்னா இன்னும் சுலபமான வழி இருக்கு. வயித்துச் சுற்றளவு உங்க உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும். அஞ்சடி ஆறு அங்குலம்னா 66 அங்குலம், பாதி 33. ஒரு அரைஞாண் கயிறு போதும். உயரத்துக்குக் கயிற்றை அளந்து, ரெண்டா மடிச்சு, இடுப்பைச் சுத்திப் பாருங்க. முனை ரெண்டும் தொடலைன்னா விஷயம் இருக்கு.

'எல்லாம் நார்மல்' என்ற தம்பி

மாடம்பாக்கத்துல எனக்கு ஒரு வாடிக்கை. சாப்ட்வேர் வேலை, வயசு 38. பேர் வேண்டாம். காலையில ஏழரைக்குக் கிளம்பினா ராத்திரி ஒன்பதுக்கு வீடு. போன வருஷம் பேக்கேஜ் ரிப்போர்ட்டை என்கிட்ட காட்டினார். "அண்ணே, எல்லாம் நார்மல். கொலஸ்ட்ரால் 178 தான், எடை 66 தான்."

"தம்பி, மூணாவது பக்கத்தைக் காட்டுங்க"ன்னேன்.

டிரைகிளிசரைடு 188. எச்.டி.எல். 36. வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. பக்கத்துல 'பார்டர்லைன்'னு சின்ன எழுத்து. மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழே இருந்ததால அந்த வரி மட்டும் கறுப்பு எழுத்துல நிம்மதியா இருந்தது. அஞ்சடி ஏழு அங்குல உயரத்துக்கு பி.எம்.ஐ. 23-க்குள்ளதான். வீட்டம்மா தையல் மெஷின்லேர்ந்து டேப் எடுத்து வந்தாங்க. 94 செ.மீ. அஞ்சுல நாலு.

இன்னொரு சின்னக் கணக்கும் போட்டுக் காட்டினேன். டிரைகிளிசரைடை எச்.டி.எல்.-ஆல் வகுத்தா 5-க்கு மேல வந்தது. 3-ஐத் தாண்டினாலே இன்சுலின் எடுபடலைங்கிறதுக்கு ஒரு அறிகுறின்னு பல ஆய்வாளர்கள் எடுத்துக்கிறாங்க. இனத்துக்கு இனம் எல்லை மாறும், அதனால இதை வெச்சு மட்டும் முடிவு பண்ணக் கூடாது. ஆனா கையில இருக்கிற ரிப்போர்ட்டுலயே கிடக்கிற ரெண்டு எண்ணை வகுத்துப் பார்க்கக் காசு ஒண்ணும் செலவில்லை.

பணம் கட்டி எடுத்த ரிப்போர்ட்ல விஷயம் அத்தனையும் இருந்தது. சேர்த்துப் படிக்கத்தான் ஆள் இல்லை.

ஊசியே குத்தாம ஒரு கணக்கு

ரத்தம் எடுக்கவே பயப்படறவங்களுக்கு நம்ம சென்னையிலேயே ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. டாக்டர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், சென்னையில 26,001 பேரை வெச்சு நடத்தின பெரிய ஆய்விலிருந்து, 2005-ல் இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணை வெளியிட்டது. நாலே கேள்வி, மொத்தம் 100 மார்க்.

வயசு 35-க்குள்ளன்னா 0, 35 முதல் 49 வரை 20, அம்பதும் மேலும் 30. வயிறு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ.-க்குள்ளன்னா 0, அதுக்கு மேல பத்து செ.மீ. வரை 10, அதையும் தாண்டினா 20. உடம்பு உழைப்பு கடுமையா இருந்தா 0. உட்கார்ந்தே வேலை, நடையும் இல்லைன்னா 30. நடுவுல 10, 20. அப்பா அம்மா யாருக்கும் சர்க்கரை இல்லைன்னா 0, ஒருத்தருக்கு இருந்தா 10, ரெண்டு பேருக்கும் இருந்தா 20. கூட்டினா 60-ம் அதுக்கு மேலும் அபாயம் அதிகம்.

நம்ம தம்பிக்குப் போட்டோம். வயசுக்கு 20, வயித்துக்கு 10, உட்கார்ந்த வேலைக்கு 30, அப்பாவுக்கு இருக்கிறதால 10. எழுபது. அவர் அப்பா இதே 38 வயசுல திண்டிவனம் பக்கம் ஏர் ஓட்டிக்கிட்டிருந்தவர். அவருக்கு அன்னிக்குப் போட்டிருந்தா வயசுக்கு 20, மத்ததெல்லாம் பூஜ்யம்.

இந்தக் கணக்கு பொய்யே சொல்லாதுன்னு நான் சொல்லலை. 60 என்ற எல்லையில, சர்க்கரை இருக்கிற பத்துப் பேர்ல சுமார் ஏழு பேரைப் பிடிக்கும். இல்லாத பத்துப் பேர்ல நாலு பேரையும் சேர்த்துப் பயமுறுத்தும். சல்லடைன்னா அப்படித்தான். சலிச்சதுல தேறினவங்க மட்டும் ரத்தம் கொடுத்தா போதும், எல்லாரும் எழுபது டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. இதே நாலு கேள்வி மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ளவங்களையும் இதய நோய் அபாயம் உள்ளவங்களையும் கண்டுபிடிக்க உதவுதுன்னு அதே குழு 2007-ல் எழுதினாங்க.

பேர் வெச்சா தீருமா?

இந்தப் பேரே தேவையில்லைன்னு சொல்ற பெரிய மருத்துவர்களும் உண்டு. 2005-ல் அமெரிக்க நீரிழிவு சங்கமும் ஐரோப்பிய நீரிழிவு ஆய்வுச் சங்கமும் சேர்ந்து, அஞ்சையும் கூட்டிப் பேர் வைக்கிறதால தனித்தனியா பார்க்கிறதை விட என்ன கூடுதலா தெரியுதுன்னு கேட்டாங்க. இந்தக் கருத்துக்கே விதை போட்ட ரீவன்கூட, 2006-ல் இப்படி ஒரு நோய்க்கணிப்பு அவசியமான்னு கட்டுரை எழுதினார்.

டாக்டருக்கு அது நியாயமான கேள்வி. பிரஷர் இருந்தா பிரஷருக்கு வைத்தியம், சர்க்கரைக்குச் சர்க்கரை வைத்தியம். ஆனா நமக்கு? எதுவுமே இன்னும் நோய் ஆகாத நிலையில இருக்கிறவங்களுக்கு? பிரஷர் 132. "கொஞ்சம்தான், உப்பைக் குறைங்க." சர்க்கரை 104. "பார்டர்லைன், ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்." டிரைகிளிசரைடு 188. "எண்ணெயைக் குறைங்க." ஒவ்வொண்ணையும் தனியா பார்த்தா எதுவும் பெரிசில்லை. மூணு 'கொஞ்சம்' ஒரே உடம்புல சேர்ந்தா அது 'கொஞ்சம்' இல்லை. வயல்ல ஒரு இலை மஞ்சளானா விட்டுடலாம். இலையும் மஞ்சள், தூர் கட்டலை, வேரும் கறுப்புன்னா, மூணையும் சேர்த்துத்தான் என்னன்னு பார்ப்போம். பேர் என்ன வேணா இருக்கட்டும். சேர்த்துப் பார்க்கிற பழக்கம் வேணும்.

இது நம்ம பக்கத்துல சின்ன விஷயமும் இல்லை. சென்னை நகரத்துல டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு எடுத்து 2003-ல் வெளியிட்ட ஆய்வுல, பெரியவங்கள்ல 100-க்கு 41 பேருக்கு இது இருந்தது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவுல 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடியே 60 லட்சம் பேர் அதுக்கு முந்தின படியிலன்னு கணக்குச் சொல்லுது. வயிற்றுப் பருமன் மட்டும் 39.5 சதவீதம். பத்துல நாலு பேர்.

தாம்பரம் சானடோரியத்தை எடுத்துக்கங்க. 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காக ஆரம்பிச்ச இடம். காசநோய்க்காரருக்கு எடை ஏறினா வீட்டுக்கு நல்ல சேதி. அந்தக் காலத்துப் பயம் இன்னும் நம்ம ரத்தத்துல இருக்கு. "இளைச்சுட்டியே கண்ணு"ன்னுதான் இன்னிக்கும் பாட்டிங்க கேட்கிறாங்க, வயிறு பெருத்தா யாரும் கேட்கிறதில்லை. அதே சானடோரியத்துல இப்ப தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு. அலோபதியோ சித்தாவோ, எந்த வைத்தியம் பார்த்தாலும் இந்த அஞ்சு எண் எல்லாருக்கும் பொதுதான். மருந்து வேலை செய்யுதான்னு இதை வெச்சே பாருங்க.

அரிசி விக்கிறவன் சொல்றேன்

இப்ப என் பொழைப்புல நானே மண் போட்டுக்கிற பகுதி.

மோகன் குழுவோட இன்னொரு ஆய்வு 2009-ல் வந்தது. சென்னைக்காரங்க சாப்பிடற மொத்தக் கலோரியில கிட்டத்தட்ட பாதி தீட்டின தானியத்திலிருந்து வருது, அதுல பெரும்பங்கு வெள்ளை அரிசி. தீட்டின தானியம் அதிகமா சாப்பிடறவங்களுக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் அதிகமா இருக்குன்னு அது சொல்லுது. நெல்லு போடறவனுக்கு இது இனிப்பான சேதி இல்லை. ஆனா மறைச்சு என்ன ஆகப் போகுது?

அதனால மூட்டை இறக்கும்போது கேட்கிற அந்தக் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிடறேன். மாப்பிள்ளைச் சம்பாவோ கறுப்புக் கவுனியோ மருந்து இல்லை. அரிசிதான். தவிடு இருக்கு, நார்ச்சத்து இருக்கு, வெள்ளை அரிசியை விட நல்லது, அதுல சந்தேகம் இல்லை. ஆனா பாரம்பரிய அரிசிங்கிற தைரியத்துல தட்டு நிறைய மூணு வேளை சாப்பிட்டா, டேப் அதையும் காட்டிக் கொடுத்துடும். என்கிட்ட வாங்கற அரிசியை மாசத்துக்கு ரெண்டு கிலோ குறைச்சு வாங்குங்க. அந்தக் காசுக்குப் பயறு, சுண்டல், கீரை, காய் வாங்குங்க. அதுவும் எங்க ஆளுங்க விளைவிக்கிறதுதான்.

"எங்க தாத்தா குண்டான் சோறு சாப்பிட்டாரே"ன்னு சொல்வீங்க. சாப்பிட்டார். ஏர் பின்னாடி நாள் முழுக்க நடந்துட்டுச் சாப்பிட்டார். சோறு வந்த அளவுக்கு நடை வரலை.

கிராமத்துக்காரன் தப்பிச்சான்னும் நினைக்காதீங்க. சென்னையை ஒட்டின கிராமங்கள்ல ராமச்சந்திரன் குழு 1989-ல் பார்த்தப்ப 2.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. 2003-ல் அது 6.4 சதவீதம். நானே டிராக்டர்லதான் உழறேன், வரப்பு வரைக்கும் பைக்லதான் போறேன். எங்க மாவட்டத்துலயே சூனாம்பேடுல 2006-ல் மோகன் குழு ஒரு திட்டம் நடத்தினாங்க. 42 கிராமம். கருவிகளோட ஒரு வேன் ஊர் ஊரா வந்து, 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களைப் பரிசோதிச்சாங்க. பரிசோதனை வீட்டு வாசலுக்கு வந்தா ஜனங்க வருவாங்கன்னு அது காட்டிச்சு. சூனாம்பேடுல முடிஞ்சது சேலையூர்ல முடியாதா?

என்ன செய்யணும்

முதல்ல நல்ல சேதி. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வர்றதுக்கு முந்தின படியில இருந்த 531 பேரை எடுத்து மூணு வருஷம் பின்தொடர்ந்தாங்க. 2006-ல் முடிவு வந்தது. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் சொல்லிக் கொடுத்த குழுவுல, சர்க்கரை நோயா மாறுறது 28.5 சதவீதம் குறைஞ்சது. கவனிக்க வேண்டிய விஷயம், அவங்களுக்கு எடை பெரிசா குறையவே இல்லை. எடை மெஷினை மட்டும் நம்பி இருந்தா "ஒரு பிரயோஜனமும் இல்லை"ன்னு ஒரு மாசத்துல நடையை நிறுத்தியிருப்பாங்க. உள்ளே நடக்கிற நல்லது தராசுக்குத் தெரியலை.

அரசாங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறாங்க. ஒன்றிய அரசோட தொற்றாநோய்த் திட்டத்துல, களப்பணியாளர் நிரப்பற படிவத்துல வயிற்றுச் சுற்றளவுக்குத் தனி வரியே இருக்கு. வரி இருந்து என்ன, நான் பார்த்த முகாம்கள்ல டேப் வெளியே வந்ததில்லை. கூச்சம் ஒரு காரணம். பெண்களுக்குப் பெண் பணியாளர் அளந்தா, இல்லை வீட்டுலயே அளந்து எண்ணைச் சொல்லச் சொன்னா, கூச்சம் போயிடும். சர்க்கரையும் பிரஷரும் ஏறின பிறகு கண்டுபிடிக்கிறதை விட, வயிறு ஏறும்போதே கண்டுபிடிக்கிறது மலிவு.

பரிசோதனைக் கூடங்களுக்கும் ஒண்ணு. எழுபது வரியை அச்சடிக்கிற நீங்க, முதல் பக்கத்துல இந்த அஞ்சு எண்ணை மட்டும் ஒரு கட்டத்துல போட்டு, எத்தனை தாண்டியிருக்குன்னு எழுதினா என்ன குறைஞ்சிடும்? வயித்துச் சுற்றளவுக்கு ஒரு காலி இடம் விடுங்க. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிற பையன்கிட்ட டேப் கொடுத்து அனுப்புங்க.

அப்புறம் நீங்க. குறிப்பா குடியிருப்பு நலச் சங்கத்துக்காரங்க. தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆச்சு. நான் சின்ன வயசுல பார்த்த செம்பாக்கம், மாடம்பாக்கம் வயலெல்லாம் இப்ப அடுக்குமாடி. அதை நான் குறையா சொல்லலை, உங்களுக்கு வீடு வேணும். ஆனா நடக்க இடம் கேட்டு வாங்குங்க. மிச்சம் இருக்கிற ஏரிக்கரைகளைக் காப்பாத்துங்க. திருமங்கலம் ஆசியாட் காலனியில, மோகன் குழு சர்க்கரை பத்திச் சொல்லிட்டுப் போன பிறகு, அங்கே இருக்கிறவங்களே பணம் போட்டு ஒரு பூங்கா அமைச்சாங்க. யாரும் உத்தரவு போடலை.

வர்ற பொங்கலுக்குக் கோலப்போட்டி, இசை நாற்காலி வைக்கிறப்ப, ஒரு மேஜையும் போடுங்க. ஒரு டேப், ஒரு பிரஷர் மெஷின், நாலு கேள்வி எழுதின அட்டை. அறுபதுக்கு மேல வந்தவங்களுக்கு மட்டும் ஒரு சீட்டு: வெறும் வயித்துல சர்க்கரை, டிரைகிளிசரைடு, எச்.டி.எல். மூணும் பார்த்துட்டு, டாக்டரைப் பாருங்கன்னு. ரிப்போர்ட்டை நான் படிக்கிறது ஒரு அக்கறையில. வைத்தியம் டாக்டர்தான் சொல்லணும். மாத்திரை சாப்பிடறவங்க யாரும் இந்தப் பதிவைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி, இன்னிக்கு ராத்திரி சாப்பிட உட்கார்றதுக்குள்ள, வீட்டுல எல்லாரும் டேப் வெச்சு ஒரு தடவை அளந்துடுங்க. எண்ணைக் காலண்டர்ல தேதிக்குப் பக்கத்துல எழுதி வைங்க. மூணு மாசம் கழிச்சு, நவரை அறுப்பு முடிஞ்சு நான் புது அரிசியோட வரும்போது, திரும்ப அளந்து சொல்லுங்க.